கோடையில் கிரெடிட் மீட்பது: ஒன்ராறியோவில் தமிழ்ப் பெற்றோர் கேட்கும் கேள்விகள்

மே மாதம் முடியும்போது என் போன் அடிக்கத் தொடங்கும். "அக்கா, பிள்ளைக்கு மட்ஸில நாற்பத்தைஞ்சாம். சமர் ஸ்கூலாம், ரிக்கவரியாம், ஒண்டும் விளங்கேல்லை." ஸ்காபரோவில் பல வருடங்களாக நம்மவர்களுக்குப் பள்ளிக்கூட விண்ணப்பங்களை நிரப்பிக் கொடுத்து வருகிறேன். அதற்கும் மேலாக, என் மகனே தரம் 10 கணக்கில் விழுந்து ஒரு ஜூலை மாதத்தைப் பள்ளிக்கூடத்தில் கழித்தவன். அந்த அனுபவத்தையும், அடிக்கடி கேட்கப்படும் கேள்விகளையும் இங்கே எழுதுகிறேன். இது கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்து அரசு ஹைஸ்கூல்களுக்கானது. பொது விதிகளை மாகாணக் கல்வி அமைச்சு வைக்கிறது. திகதி, நேரம், வரவு விதி போன்றவற்றை அந்தந்தக் கல்விச் சபை வைக்கிறது.

கிரெடிட் என்றால் என்ன? எத்தனை வேண்டும்?

110 மணி நேரம் படிக்க வேண்டிய ஒரு பாடத்தில் 50 வீதமோ அதற்கு மேலோ எடுத்தால் ஒரு கிரெடிட். ஹைஸ்கூல் டிப்ளோமாவுக்கு 30 கிரெடிட் வேண்டும். 2024 செப்டம்பரிலிருந்து தரம் 9 தொடங்கியவர்களுக்கு அதில் 17 கட்டாயப் பாடங்கள், 13 விருப்பப் பாடங்கள். அவர்களுக்கு முன்னே தொடங்கியவர்களுக்கு 18, 12. ஆங்கிலத்தில் 4, கணக்கில் 3, விஞ்ஞானத்தில் 2 என்பது கட்டாயப் பட்டியலில் வரும். நம் பிள்ளைகள் தடுக்கி விழுவது பெரும்பாலும் இந்த மூன்றில்தான்.

49 எடுத்தால் அரைக் கிரெடிட் கிடைக்குமா என்று ஒரு அப்பா கேட்டார். கிடைக்காது. தரம் 10இல் குடிமையியலும் தொழில் வழிகாட்டலும் மட்டும் 55 மணி நேரப் பாடங்கள். அவை பிறப்பிலேயே அரைக் கிரெடிட்.

சமர் ஸ்கூலும் கிரெடிட் ரிக்கவரியும் ஒன்றுதானே?

இல்லை. இந்த ஒரு குழப்பத்தால் தவறான பெட்டியில் டிக் போட்டு, ஜூலை முதல் வாரத்தில் அந்தரப்பட்ட குடும்பங்களை எனக்குத் தெரியும்.

சமர் ஸ்கூல், அதாவது கோடைப் பள்ளி, என்பது ஒரு கட்டடம், ஒரு காலம். அதற்குள் பல வகை வகுப்புகள் நடக்கும். புதுப் பாடத்தை முழுதாக எடுக்கலாம். செப்டம்பரில் அட்டவணையில் ஒரு இடம் காலியாகும் என்பதற்காகக் கெட்டிக்காரப் பிள்ளைகள் பலர் இதைத்தான் செய்கிறார்கள். விழுந்த பாடத்தையோ, பாஸானாலும் புள்ளி போதாத பாடத்தையோ முதலிலிருந்து திரும்ப எடுக்கலாம். அதுவும் முழு 110 மணி. தரம் 8 முடித்தவர்களுக்கு முன்கூட்டியே தொடங்கும் வகுப்புகளும் சில இடங்களில் உண்டு.

கிரெடிட் ரிக்கவரி வேறு. பிள்ளை பாடத்தை இறுதிவரை இருந்து முடித்திருக்கிறது, ஆனால் விழுந்துவிட்டது. விழுந்ததற்குக் காரணமான பகுதிகளை மட்டும் திரும்பப் படித்து, அவற்றைச் செய்ய முடியும் என்று காட்டினால் கிரெடிட் கிடைக்கும். ஏற்கெனவே தேறிய பகுதியைத் திரும்பச் செய்யத் தேவையில்லை. அதனால் வகுப்பு நேரமும் பொதுவாகக் குறைவு.

விண்ணப்பத்தில் எதைத் தெரிவு செய்கிறீர்கள் என்பதை ஒருமுறைக்கு இருமுறை பாருங்கள். இரண்டிலும் பாடக் குறியீடு ஒன்றாகவே இருக்கும். நிகழ்ச்சியின் பெயர்தான் வேறு.

அந்தக் குறியீட்டை எப்படி வாசிப்பது?

எம்.பி.எம்.2டி என்று ரிப்போர்ட் கார்ட்டில் இருக்கிறதா? முதல் மூன்று எழுத்து பாடத்தைச் சொல்லும். நான்காவது இலக்கம் தரம்: 1 என்றால் தரம் 9, 2 என்றால் 10, இப்படியே 4 என்றால் 12. ஐந்தாவது எழுத்துத்தான் பெற்றோர் கவனிக்க வேண்டியது. தரம் 10இல் 'டி' அகாடெமிக் (கோட்பாடு சார்ந்தது), 'பி' அப்ளைட் (நடைமுறை சார்ந்தது). தரம் 11, 12இல் 'யு' பல்கலைக்கழகம், 'சி' கல்லூரி, 'எம்' இரண்டுக்கும் பொது, 'இ' வேலைத்தளம். 'ஓ' எல்லாருக்கும் திறந்தது. தரம் 9 கணக்கில் 2021இலிருந்து இந்தப் பிரிவே இல்லை. எல்லாரும் ஒரே 'டபிள்யூ' வகுப்புத்தான்.

எழுத்து மாறினால் அது வேறு பாடம். அகாடெமிக்கில் விழுந்த பிள்ளை அப்ளைட்டை 'மீட்க' முடியாது. "லேசானதை எடுத்துப் பாஸாகட்டும்" என்று 'பி'யை எடுத்தால், தரம் 11இல் பல்கலைக்கழகத்துக்கான ஃபங்ஷன்ஸ் என்ற கணக்கு வகுப்புக்குக் கதவு மூடப்படும். அதற்கு முன்தகுதி தரம் 10 அகாடெமிக் கணக்கு. பிள்ளைக்கு எந்தப் பாதை பொருத்தம் என்பதை நிதானமாக, பிள்ளையோடு சேர்ந்து முடிவெடுங்கள். ஜூன் மாதத்துப் பதற்றத்தில் எடுக்க வேண்டாம்.

கிரெடிட் ரிக்கவரியில் யார் சேரலாம்?

பிள்ளை அந்தப் பாடத்தை முடித்து, விழுந்திருக்க வேண்டும். அதுவும் கடந்த இரண்டு வருடங்களுக்குள். நடுவில் கைவிட்ட பாடத்தை மீட்க முடியாது. மீட்பதற்கு அங்கே எதுவும் இல்லையே. விழுந்த அதே பாடத்தில், அதே வகையில்தான் சேர்ப்பார்கள். பள்ளியில் இதற்கென்று ஒரு குழு உண்டு. அந்தக் குழுவும் அதிபரும் சம்மதிக்க வேண்டும். எத்தனை கிரெடிட் மீட்கலாம் என்பதற்கு மாகாணம் உச்ச வரம்பு வைக்கவில்லை.

குழு எதைப் பார்த்து முடிவெடுக்கும்? பாடம் எடுத்த ஆசிரியர் ஒரு படிவம் நிரப்பிக் கொடுப்பார். கடைசிப் புள்ளி என்ன, எந்த அலகுகளில் தேறியது, எவற்றில் தேறவில்லை, எத்தனை நாள் வரவில்லை, வேலைப் பழக்கம் எப்படி, இந்தப் பிள்ளைக்கு மீட்பு சரிவருமா அல்லது முழுப் பாடத்தையும் திரும்ப எடுப்பதுதான் நல்லதா என்று அதில் இருக்கும். சில சபைகள் குறைந்தபட்சப் புள்ளி ஒன்றும் வைத்திருக்கும். 20 வீதம் எடுத்த பிள்ளைக்கு மீட்க வேண்டியது முழுப் பாடமும்தான் என்பதால், திரும்ப எடுக்கச் சொல்வார்கள். அது தண்டனை இல்லை.

அந்தப் படிவத்தைப் பார்க்கக் கேளுங்கள். நான் கேட்டேன். மகனுடைய 45க்குப் பின்னால் என்ன இருந்தது என்று அன்றுதான் எனக்குத் தெரிந்தது. ஆயத்தொலைக் கேத்திரகணிதத்தில் 66. திரிகோண கணிதத்தில் 38. இருபடித் தொடர்புகளில் 31. "இவனுக்குக் கணக்கே வராது" என்று வீட்டில் நான்கு மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். மூன்றில் ஒரு பங்கு நன்றாகவே வந்திருக்கிறது. இருபடித் தொடர்பு தொடங்கிய வாரத்தில்தான் அவன் காய்ச்சலில் ஆறு நாள் படுத்திருந்தான். அந்த ஆறு நாளும் எனக்கு ஞாபகம். ரசம் வைத்துக் கொடுத்தது நான்தான். அதையும் இதையும் நான் சேர்த்துப் பார்க்கவில்லை.

மீட்டால் எத்தனை புள்ளி போடுவார்கள்? 50க்கு மேல் தர மாட்டார்களாமே?

பெற்றோர் மத்தியில் நெடுநாளாக உலாவும் கதை இது. மாகாண விதியில் அப்படி ஒரு பூட்டு இல்லை. இரண்டு வழி உண்டு. பழைய பாடத்தில் தேறிய பகுதிக்கான புள்ளியையும், இப்போது மீட்ட பகுதிக்கான புள்ளியையும் சேர்த்துக் கணிக்கலாம். மீட்பு வேலை கிட்டத்தட்ட முழுப் பாடமளவுக்கு விரிந்திருந்தால், அதை மட்டும் வைத்தே புள்ளி போடலாம்.

மகனுடைய கணக்கைக் கொஞ்சம் எளிதாக்கிச் சொல்கிறேன். கேத்திரகணிதம் 66 அப்படியே நின்றது. கோடையில் திரிகோண கணிதத்தில் 62, இருபடியில் 58 எடுத்தான். மூன்றும் சேர்ந்து 62. உண்மையில் ஆசிரியர்கள் இப்படி வெறும் சராசரி எடுப்பதில்லை. கடைசியாகப் பிள்ளை எந்த நிலைக்கு வந்திருக்கிறது என்பதற்குக் கூடுதல் எடை கொடுப்பார்கள். ஆனால் போக்கு இதுதான்.

85, 90 வேண்டும் என்றால் மீட்பு அதற்கான வழி இல்லை. முழுப் பாடத்தையும் திரும்ப எடுங்கள்.

விழுந்தது ட்ரான்ஸ்கிரிப்ட்டில் என்றென்றைக்கும் நிற்குமா?

ட்ரான்ஸ்கிரிப்ட் என்பது ஹைஸ்கூல் பாடங்களையும் புள்ளிகளையும் காட்டும் அதிகாரபூர்வப் பதிவு. நிற்குமா என்பது தரத்தைப் பொறுத்தது. தரம் 9, 10இல் தேறிய பாடங்கள் மட்டுமே ட்ரான்ஸ்கிரிப்ட்டில் ஏறும். விழுந்த 45 அங்கே வராது. மீட்ட 62 மட்டும் வரும். பெற்றோர் இதைக் கேட்டு விடும் பெருமூச்சு போனுக்குள்ளாலேயே கேட்கும்.

தரம் 11, 12இல் நிலைமை வேறு. எடுத்த ஒவ்வொரு முறையும் பதிவாகும்: விழுந்ததும், திரும்ப எடுத்ததும். கிரெடிட் மட்டும் ஒன்றுதான். செமஸ்டர் முறையில் நடக்கும் பள்ளியில், முதல் மாகாண ரிப்போர்ட் கார்ட் கொடுத்து ஐந்து வகுப்பு நாட்களுக்குள் பாடத்தைக் கைவிட்டால் பதிவாகாது. அதற்குப் பிறகு கைவிட்டால் அதுவும் அப்போதிருந்த புள்ளியும் நிற்கும். கோடையில் அந்தக் கெடு மிக வேகமாக வரும். முதல் நாளே கேட்டுக் கலண்டரில் குறித்து வையுங்கள்.

பல்கலைக்கழகம் இதைக் குறையாகப் பார்க்குமா?

ஒன்ராறியோப் பல்கலைக்கழகங்கள் பொதுவாகத் தரம் 12இல் 'யு', 'எம்' பாடங்களில் சிறந்த ஆறைத்தான் பார்க்கின்றன. தரம் 10 மீட்பு அந்தக் கணக்கிலேயே இல்லை. தரம் 12 பாடத்தைத் திரும்ப எடுத்தால், போட்டி கூடிய சில படிப்புகள் முதல் முறைப் புள்ளியையும் கவனிக்கும். எந்தப் படிப்புக்குப் போக ஆசையோ அந்தப் பக்கத்தில் பாடத்தைத் திரும்ப எடுப்பது பற்றி என்ன எழுதியிருக்கிறது என்று பார்த்துவிட்டுச் சேருங்கள். "எல்லாம் சரிவரும்" என்று சொல்லும் ரியூசன்காரரை நம்ப வேண்டாம்.

வரவு விதி ஏன் இவ்வளவு கடுமை? ஒரு நாள் லீவு எடுத்தால் என்ன?

கணக்குப் போட்டுப் பாருங்கள். முழுப் பாடம் என்றால் 110 மணியை இருபது நாளுக்குள் அடைக்க வேண்டும். ஒரு நாளைக்கு ஐந்தரை மணி. வழக்கமான பள்ளியில் ஒரு வகுப்பு 75 நிமிடம். அப்படியானால் கோடையில் ஒரு நாள் என்பது நான்கு வகுப்புக்கும் மேல். இரண்டு நாள் போனால் கிட்டத்தட்ட இரண்டு வாரம் போன மாதிரி. திங்கட்கிழமை புது அலகு தொடங்கி, புதன்கிழமை அதில் சோதனை வைத்துவிடுவார்கள்.

அதனால் பெரும்பாலான சபைகள் இரண்டு அல்லது மூன்று நாள் வராவிட்டால் பெயரை நீக்கிவிடும். சில இடங்களில் இத்தனை தடவை பிந்தி வந்தால் ஒரு நாள் வராத கணக்கு என்றும் வைத்திருக்கிறார்கள். முதல் நாளே வராவிட்டால் அந்த இடம் காத்திருப்போர் பட்டியலில் இருக்கும் பிள்ளைக்குப் போகலாம். காய்ச்சல், மரண வீடு போன்றவற்றுக்கு அதிபரோடு பேசலாம். காலையிலேயே அலுவலகத்துக்கு அறிவியுங்கள், பிறகு மருத்துவரின் கடிதத்தைக் கொடுங்கள். ஆனால் நியாயமான காரணம் என்று ஒத்துக்கொண்டாலும், தவறிய மணி நேரம் திரும்ப வராது.

நம்மவர்களுக்கு இதில் தனிச் சிக்கல் ஒன்று. ஆடி பிறக்க முன்னம் முடிக்க வேண்டும் என்று ஜூலை முதல் இரண்டு வாரத்துக்குள் கல்யாணங்களை அடைத்து வைத்துவிடுகிறோம். சனிக்கிழமை கல்யாணம் சரி. வெள்ளிக்கிழமை மத்தியானமே பிள்ளையை ஏற்றிக்கொண்டு மொன்றியலுக்குக் காரை விடுகிறோமே, அதுதான் பிரச்சினை. ஒரு மாமா அதிபரிடம் கல்யாணக் கார்டையே கொண்டுபோய்க் காட்டினார். அதிபர் மரியாதையாக வாங்கிப் பார்த்துவிட்டு, வாழ்த்துச் சொல்லி, வராத நாள் என்றே போட்டார்.

ஊருக்கு டிக்கெட் எடுத்தாயிற்று. ஜூலை 20 பயணம். முன்கூட்டியே சோதனை எழுதலாமா?

பெரும்பாலும் விட மாட்டார்கள். மொத்தப் புள்ளியில் 30 வீதம் கடைசி மதிப்பீட்டுக்கு; அது கடைசி நாட்களில்தான் நடக்கும். டிக்கெட்டை மாற்றுங்கள். கோடை வகுப்புகள் ஜூலைக் கடைசியோடு அல்லது ஆகஸ்ட் முதல் நாட்களோடு முடிந்துவிடும். நல்லூர்க் கொடியேற்றத்துக்கு நிற்க முடியாமல் போனாலும் தேருக்கு நிற்கலாம். டிக்கெட்டை மாற்ற வழியே இல்லை என்றால், இந்தக் கோடையை விட்டுவிட்டு அடுத்த செமஸ்டரில் பகல் வகுப்பிலேயே மீட்க முடியுமா என்று வழிகாட்டல் ஆலோசகரிடம் கேளுங்கள். பல ஹைஸ்கூல்களில் அட்டவணைக்குள்ளேயே ரிக்கவரி வகுப்பு உண்டு.

ஆன்லைனில் எடுத்தால் லேசா?

காலை எழும்பிப் பஸ் பிடிக்கும் வேலை இல்லை. அந்த ஒன்றுதான் லேசு. தினமும் உள்நுழைய வேண்டும், அன்றன்றைய வேலையை அன்றன்றைக்கே அனுப்ப வேண்டும், அதுதான் வரவு. ஏற்கெனவே ஒருமுறை விழுந்த பிள்ளைக்கு, கண்ணெதிரே ஆசிரியர் இல்லாத வகுப்பை நான் சிபாரிசு செய்ய மாட்டேன். யாரும் தட்டி எழுப்பாமல் தானாக எழும்பி உட்காரும் பிள்ளை என்றால் அது வேறு.

கடைசிப் புள்ளி வருவதற்கு முன்னே பதிவு மூடப்படுகிறதே?

ஆம், இது எல்லாரையும் எரிச்சலாக்கும் விஷயம். பதிவு வசந்த காலத்திலேயே திறக்கும். ஜூனில் பல வகுப்புகள் நிரம்பிவிடும். ரிப்போர்ட் கார்ட்டோ ஜூன் கடைசியிலோ அதற்குப் பிறகோதான் கைக்கு வரும். ஆகவே மே மாதத்தில் பிள்ளை 50ஐச் சுற்றித் தடுமாறினால், காத்திருக்காமல் ஆலோசகரிடம் பேசிப் பெயரைப் பதிந்துவிடுங்கள். பாஸானால் தொடக்கத்துக்கு முன்னமே விலகிக்கொள்ளலாம். பள்ளி அனுமதி இல்லாமல் பெற்றோர் மட்டும் பதிய முடியாது. ஆலோசகரின் சம்மதம் வேண்டும். அவரும் ஜூன் கடைசியோடு விடுமுறையில் போய்விடுவார் என்பதையும் மறக்க வேண்டாம்.

மகன் விஷயத்தில் "பாஸாகிவிடுவான்" என்று நான் ஜூன் 20 வரை இருந்தேன். வீட்டுக்குப் பக்கத்துப் பள்ளியில் இடம் முடிந்து, இரண்டு பஸ் மாறிப் போகும் இடம்தான் கிடைத்தது. காலை ஆறே முக்காலுக்கு அவனை எழுப்ப வேண்டியிருந்தது. எனக்கும் அது ஒரு ரிக்கவரி வகுப்புத்தான்.

காசு கட்ட வேண்டுமா?

ஒன்ராறியோவில் வசிக்கும் அரசுப் பள்ளி மாணவருக்குக் கட்டணம் இல்லை. சர்வதேச மாணவராக வந்தவர்களுக்கு உண்டு.

தனியார் கிரெடிட் பள்ளிகள் காசு வாங்குவார்கள். அமைச்சின் பரிசோதனைக்கு உட்பட்ட பள்ளி என்றால் கிரெடிட் செல்லும். ஆனால் அரசுப் பள்ளி மாணவர் அங்கே எடுத்த பாடத்துக்கு ட்ரான்ஸ்கிரிப்ட்டில் பக்கத்தில் 'பி' என்று ஒரு குறி விழும் (இது அப்ளைட் 'பி' அல்ல). பார்ப்பவர்களுக்கு அது எங்கே எடுத்தது என்று தெரியும். இரண்டு வாரத்தில் 95 வாங்கித் தருகிறோம் என்று யாராவது சொன்னால், காசைக் கொடுக்கும் முன் அந்தக் குறியை நினைத்துக்கொள்ளுங்கள்.

பஸ், சாப்பாடு?

மஞ்சள் பஸ்ஸை எதிர்பார்க்க வேண்டாம். சாப்பாடு கட்டிக் கொடுங்கள். கோடையில் கபிட்டீரியா திறந்திருப்பது அரிது. தண்ணீர்ப் போத்தலும் வேண்டும். பழைய கட்டடங்கள் பலவற்றில் ஏசி இல்லை. ஜூலை நடுவில் இரண்டாம் மாடி வகுப்பறை அடுப்படி மாதிரி இருக்கும்.

போன் கொண்டு போகலாமா? சாட்ஜிபிடி?

2024 செப்டம்பரிலிருந்து மாகாணம் முழுவதும், தரம் 7 முதல் 12 வரை வகுப்பு நேரத்தில் போன் சத்தமில்லாமல், கண்ணில் படாமல் இருக்க வேண்டும். ஆசிரியர் அனுமதித்தால் மட்டும் எடுக்கலாம். கோடை வகுப்புக்கும் இதே ஒழுக்க விதிதான். வேப்பிங் பற்றிச் சொல்லத் தேவையில்லை. இடைநிறுத்தம் விழுந்தால், இருபது நாள் வகுப்பில் அது பெயர் நீங்குவதற்குச் சமம்.

பார்த்தெழுதுவதும், மற்றவர் எழுதியதைத் தன்னுடையதாகக் கொடுப்பதும் கிரெடிட்டையே இழக்கச் செய்யக்கூடும். செயற்கை நுண்ணறிவு எழுதித் தந்ததும் அதற்குள் வரும். மீட்பு வகுப்பில் பிள்ளை காட்ட வேண்டியதே "எனக்கு இது இப்போது தெரியும்" என்பதைத்தான். சந்தேகம் வந்தால் ஆசிரியர் பக்கத்தில் உட்கார வைத்து, "இதை எனக்கு ஒருக்காச் சொல்லிக் காட்டு" என்பார். அங்கே திக்கினால் எழுதிக் கொடுத்த தாளுக்கு மதிப்பில்லை.

பிந்தி ஒப்படைத்தால்?

ஆசிரியர் புள்ளி குறைக்கலாம்; எல்லை தாண்டினால் பூஜ்யமும் போடலாம். பகல் பள்ளியில் ஒரு வாரம் தவணை கொடுத்த அதே ஆசிரியர் கோடையில் ஒரு நாள்தான் கொடுப்பார்.

பிள்ளைக்கு ஐ.இ.பி. (தனிப்பட்ட கல்வித் திட்டம்) இருக்கிறது. கோடையிலும் உதவி கிடைக்குமா?

கிடைக்க வேண்டும். சோதனைக்குக் கூடுதல் நேரம், அமைதியான அறை, கணினி போன்ற ஏற்பாடுகள் ஐ.இ.பி.யில் எழுதியிருந்தால் கோடையிலும் அவை பொருந்தும். ஆனால் கோடை வகுப்பு வேறு பள்ளியில், வேறு ஆசிரியரோடு. அந்தக் கோப்பு தானாக நடந்து போய்ச் சேரும் என்று இருக்காதீர்கள். பதியும்போதே சொல்லி, முதல் நாள் ஒரு பிரதியைப் பிள்ளையின் பையில் வைத்துவிடுங்கள். அண்மையில் நாட்டுக்கு வந்து ஆங்கிலம் பழகிக்கொண்டிருக்கும் பிள்ளைகள் விஷயத்திலும் இதேதான். அவர்கள் விழுந்தது பாடத்திலா மொழியிலா என்று முதலில் கேளுங்கள். மொழியில் என்றால், ரிக்கவரியை விட ஈ.எஸ்.எல். (ஆங்கிலத்தை இரண்டாம் மொழியாகக் கற்பிக்கும்) வகுப்பு உதவக்கூடும்.

மகளுக்கு 18 வயது. பள்ளிக்குப் போன் எடுத்தால் என்னோடு பேச மாட்டோம் என்கிறார்கள்.

சட்டப்படி அது சரி. 18 ஆனதும் பள்ளிக் கோப்பு பிள்ளையுடையது. பிள்ளை சம்மதித்தால்தான் பெற்றோரிடம் பேசுவார்கள். வராத நாளுக்குக் காரணம் சொல்லிக் கையெழுத்துப் போடுவதும் பிள்ளையே. அலுவலகத்தில் சண்டை பிடித்துப் பயனில்லை. அங்கே இருப்பவர் விதியைத்தான் சொல்கிறார். வீட்டில் மகளிடம் கேளுங்கள். சம்மதக் கடிதம் ஒன்றில் கையெழுத்து வைத்துத் தரச் சொல்லுங்கள். "நான் பெத்த பிள்ளை" என்று தொடங்காமல் கேட்டால் தருவாள்.

சமர் வேலை கிடைத்திருக்கிறது. இரண்டும் செய்யலாமா?

பின்னேரத்திலும் வார இறுதியிலும் என்றால், அதுவும் குறைந்த மணி நேரம் என்றால், பார்க்கலாம். ஒவ்வொரு இரவும் வீட்டு வேலை இருக்கும்.

டிப்ளோமாவுக்கு வேண்டிய 40 மணிச் சமூக சேவையையும் எழுத்தறிவுத் தேர்வையும் இதோடு முடிக்கலாமா?

வகுப்பு நேரத்தைச் சேவை மணியாக எழுத முடியாது. கிரெடிட்டுக்காகச் செய்வது எதுவும் அந்தக் கணக்கில் சேராது. எழுத்தறிவுத் தேர்வு கோடையில் நடப்பதில்லை. அதில் சித்தியடையாதவர்கள் அதற்குப் பதிலாக எடுக்கக்கூடிய எழுத்தறிவுப் பாடம் ஒன்று உண்டு. சில சபைகள் அதைக் கோடையில் வைக்கின்றன. அது ஒரு முழுக் கிரெடிட்டும் கூட.

வீட்டில் நாங்கள் என்ன செய்ய வேண்டும்?

ரியூசன் வைப்பதற்கு முன், தினமும் ஒரு கேள்வி: "இண்டைக்கு எந்த அலகு, நாளைக்கு என்ன?" பிள்ளை இதற்குப் பதில் சொன்னால் வகுப்பில் இருக்கிறது என்று அர்த்தம். சொல்லவில்லை என்றால் அன்றிரவே ஆசிரியருக்கு ஒரு மின்னஞ்சல் போடுங்கள். வாரக் கடைசிவரை பொறுத்தால் பாதிப் பாடம் போய்விடும்.

மகனிடம் முதல் வாரம் முழுக்கக் கேட்டேன். தோளைக் குலுக்கினான். இரண்டாம் வாரம் செவ்வாய்க்கிழமை, நான் கறிக்கு வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தேன். வந்தவன் குழாயில் தண்ணீர் குடித்துவிட்டு, பையிலிருந்த கொப்பியை எடுத்து வெங்காயத்தோலுக்குப் பக்கத்தில் வைத்தான். பந்து ஒன்றை மேலே எறிந்தால் அது போகும் வளைகோடு. உச்சி எங்கே, தரையில் எங்கே விழும் என்று இரண்டு புள்ளி குறித்திருந்தான். "அம்மா, இதுதான் அந்தக் காய்ச்சல் வாரம் விட்டது. இவ்வளவுதான்" என்றான். எனக்கு அந்தக் கணக்கு விளங்கவில்லை. கண்ணில் தண்ணீர் வந்ததற்கு வெங்காயம் என்று சொல்லிச் சமாளித்தேன்.

பெரியம்மா வீட்டுப் பிள்ளையோடு ஒப்பிட்டுப் பேசுவதைத் தயவுசெய்து ஜூலையில் நிறுத்தி வையுங்கள். சொந்தக்காரரிடம் மறைக்கவும் வேண்டாம். "கணக்குக்கு சமர் ஸ்கூல் போறான்" என்று சாதாரணமாகச் சொன்னால், கேட்பவர்கள் தங்கள் வீட்டுக் கதையையும் சொல்லத் தொடங்குவார்கள்.

மீட்பிலும் விழுந்தால்?

கிரெடிட் கிடைக்காது, அவ்வளவுதான். செப்டம்பரில் பகல் வகுப்பிலோ, இரவுப் பள்ளி இருந்தால் அங்கேயோ, முழுப் பாடத்தைத் திரும்ப எடுக்கலாம். கட்டாயமில்லாத பாடம் என்றால் வேறொன்றை எடுத்து 30ஐ நிரப்பலாம். நான்கு வருடத்தில் முடிக்காவிட்டால் ஐந்தாவது வருடமும் படிக்கலாம். நிறையப் பிள்ளைகள் அப்படிச் செய்கிறார்கள்.

முடிவு எப்போது வரும்? அட்டவணையை யார் மாற்றுவார்கள்?

கோடைப் பள்ளி புள்ளியைப் பிள்ளையின் சொந்தப் பள்ளிக்கு அனுப்பும். ஆகஸ்ட் நடுவில் ரிப்போர்ட் வீட்டுக்கோ இணையக் கணக்குக்கோ வரும். அதன் பிரதியை வைத்திருங்கள். ஜூனில் அட்டவணை போட்டபோது பிள்ளை விழுந்த நிலையில் இருந்ததால், அதே தரம் 10 கணக்கைத் திரும்பப் போட்டிருக்கக்கூடும். ஹைஸ்கூல் அலுவலகம் லேபர் டேக்கு (செப்டம்பர் முதல் திங்கட்கிழமை) முந்திய வாரம் திறக்கும். திறந்த முதல் நாளே அந்தப் பிரதியோடு பிள்ளையையும் கூட்டிக்கொண்டு ஆலோசகரிடம் போங்கள். தரம் 11 ஃபங்ஷன்ஸ் வகுப்பில் அப்போது இடம் இருக்கும். செப்டம்பர் இரண்டாம் வாரம் போனால் வரிசை வாசலுக்கு வெளியே நிற்கும்.